ஹாரன் அடிக்காத பஸ்

சைக்கிள்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது. பஸ் ஓட்டுகிற எவனுக்கும் ஆகாது. நான் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், மற்றவன் மனசுக்குள் திட்டிக்கொள்வான், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகிற ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் தார் போட்டிருக்கிறான். எதிரே இன்னொரு வண்டி வந்தால், இருவரும் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி, கண்ணாடியோடு கண்ணாடி உரசாமல் விலகிப் போக வேண்டும். இதற்கு நடுவே சைக்கிளுக்கு எங்கே இடம்? அதனால் இந்தப் பக்கத்து டிரைவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: "தாரு வண்டிக்கு, மண்ணு சைக்கிளுக்கு."

பின்னால் ஹாரன் கேட்டால் சைக்கிள்காரன் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிடுவான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பால்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் அது பழகிப்போன சங்கதி. இறங்காத வீம்பர்களும் உண்டு. அவர்களுடைய சைக்கிள் ஓரிரண்டு நாள் புளியமரத்தில் சாய்ந்து கிடக்கும், முன்சக்கரம் அப்பளம் மாதிரி நொறுங்கி. அந்த மரங்களைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டி கலைமதி, தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன் என்று நின்றாள். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கையுறை தைக்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில்.

"டவுன் பஸ்ஸுல போயேன்," என்றேன்.

"அது வந்தா வருது, வராங்காட்டி இல்ல. கம்பெனி கேட்ட மூடிட்டான்னா அர நாள் லீவு போட்டுடறான். அவ்ளோ அக்கற இருந்தா உன் பஸ்ஸுல ஏத்திகினு போயேன்."

அதுதான் முடியாது. நான் ஓட்டுவது மறைமலை நகரில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக ஒப்பந்தத்தில் ஓடும் பஸ். அந்தக் கம்பெனி அட்டை இல்லாத ஆள் ஒருத்தர் ஏறினாலும் பஸ் முதலாளி என்னை இறக்கிவிட்டு வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்.

"அப்ப வாய மூடிகினு சைக்கிள் வாங்கிக் குடு," என்றாள்.

பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஊர் ஏரி அப்போது வறண்டு கிடந்தது. அங்கேதான் கற்றுக்கொடுத்தேன். ஓட்டுவதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. இறங்குவதற்குத்தான் பயிற்சி. ஏரிக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதுதான் தார் என்று வைத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே ஓடி "பாம்! பாம்!" என்று வாயாலேயே ஹாரன் அடிப்பேன். அவள் உடனே கோட்டைத் தாண்டி இடது பக்கம் இறங்க வேண்டும். ஊரே கரையில் நின்று சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமான பஸ்ஸையே எடுத்து வந்து, நிஜ ரோட்டில், அவள் முதுகுக்குப் பின்னால் நிஜ ஹாரனையே அடித்தேன்.

"ஹாரன் கேட்டா திரும்பிப் பாக்காத. யோசிக்காத. எறங்கிடு. தல திரும்பினா ஹாண்டிலும் திரும்பும். ஹாண்டில் திரும்பிச்சின்னா நீ என் சக்கரத்துல கெடப்ப."

வீட்டில் நான் சொல்கிற ஒரு சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளாதவள் இதை மட்டும் கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் வாயை மூடுவதற்குள் அவள் சக்கரம் மண்ணில் இருக்கும். எனக்குப் பெருமைதான். ஆனாலும் தினமும் சாயந்திரம் பஸ்ஸை விட்டுவிட்டுத் தெருமுனை திரும்பும்போது, சுவரில் அந்தச் சைக்கிள் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்வாள்.

ஐப்பசி கடைசியில் அந்த நாள் வந்தது. ராத்திரி முழுக்கப் பேய் மழை. நான் விடிவதற்கு முன்பே கிளம்பி, ஸ்ரீபெரும்புதூரில் நிறுத்தியிருந்த பஸ்ஸை எடுத்து, வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் வந்தேன். அங்கே நாகப்பன் டீக்கடை முன்னால் நிறுத்துவது வழக்கம். நான்கு பேர் ஏறுவார்கள், எனக்கு ஒரு டீ ஜன்னல் வழியாக வரும்.

நாகப்பன் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"ரகுபதி, வல்லக்கோட்டை வளைவு தாண்டி சக்கரத்த மண்ணுல எறக்கிடாதப்பா. புது கம்பெனிக்குப் பைப்பு போடறேன்னு நேத்து பொழுது போனப்பறம் மிஷின் வெச்சி எடது பக்கம் பூரா நோண்டி வுட்டுட்டானுங்க. ஆள் முழுகற பள்ளம். மழ தண்ணி ரொம்பி, பாத்தா தர மாதிரியே கீது. மாடு ஒண்ணு வுழுந்து, இப்பதான் கயிறு கட்டி இழுத்துப் போட்டாங்க. செத்துப் பூடுச்சி."

"கல்லு கில்லு எதுவும் வெக்கலியா?"

"முள்ள வெட்டிப் போட்டிருந்தானுங்க. தண்ணி இழுத்துகினு பூடுச்சி." காசை வாங்கி டப்பாவில் போட்டவர், திரும்பிப் பார்த்தார். "ஆமா, உன் வூட்டுக்காரி இன்னா இவ்ளோ வெள்ளனா போவுது? இப்பதான் தாண்டிச்சி, கோணிய மாட்டிகினு."

ரோட்டை எட்டிப் பார்த்தேன். எட்டு மணி ஷிஃப்டுக்குப் போகிறவள். சரக்கு அனுப்ப வேண்டிய அவசரம், சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறான் சூப்பர்வைசர் என்று நேற்று ராத்திரி ஏதோ சொன்னாள். நான் தூக்கத்தில் உம் கொட்டியிருக்கிறேன்.

"பள்ளத்தச் சொன்னியாண்ணே?"

"கூப்ட்டுப் பாத்தேன்பா. மழைல எங்க காதுல வுழுது?"

"முன்னாடி வேற வண்டி எதுனா போச்சா?"

"ஒண்ணும் போவல."

டீ தம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தேன். எனக்கு முன்னால் எந்த வண்டியும் போகவில்லை, அது ஒன்றுதான் தைரியம். ஹாரன் கேட்காதவரை அவள் தாரிலேயே போவாள். தாரில் போகிறவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது. வேறு எவனாவது ஹாரன் அடிப்பதற்குள் நான் அவளைப் பிடித்துவிட வேண்டும். அந்த மழையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு நான் ஓட்டிய ஓட்டம் எந்த டிரைவரும் ஓட்டக் கூடாதது.

வல்லக்கோட்டை வளைவு திரும்பியதும் விளக்கு வெளிச்சத்தில் அவள் தெரிந்தாள். யூரியா கோணியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கம் தார் முடிந்த இடத்திலிருந்து செம்மண் தண்ணீர் ஆரம்பித்தது. நாகப்பன் சொன்னது சரிதான். பார்ப்பவர்களுக்கு அது லேசாகச் சேறு பட்ட தரை, அவ்வளவுதான்.

என் கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போய்விட்டது. விரல் தொட்டும்விட்டது. நெருப்பைத் தொட்டவன் மாதிரி இழுத்துக்கொண்டேன்.

டிரைவர் சீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் எப்போதும் லூர்தம்மாள் அக்கா உட்கார்ந்திருக்கும். கம்பெனி கேண்டீனில் வேலை. அது எட்டிப் பார்த்து, "அய்ய, நம்ம கலைமதி இல்ல? ஹாரன் அடிச்சி நிறுத்து தம்பி," என்றது.

"அடிச்சா எறங்கிடுவாக்கா."

"எறங்கட்டுமே, இன்னா இப்ப?" என்றபடி இடது பக்கம் பார்த்தது. பிறகு அதற்கும் புரிந்துவிட்டது. "மாதாவே," என்று நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டது.

அக்கா ஜன்னலில் தலையை விட்டுக் கத்திப் பார்த்தது. என் பஸ் இஞ்சின் போடுகிற சத்தத்தில் பக்கத்து சீட்டில் பேசினாலே கேட்காது. மழை வேறு, கோணி வேறு. சரி, தாண்டிப் போய் முன்னால் நிறுத்தலாமா என்றால், வலது சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். வலது பக்கம் ஏரிக்கரைச் சரிவு, களிமண் குழம்பு. நாற்பது பேரும் ஏரிக்குள் போவோம். வேறு வழி தெரியவில்லை. இரண்டாவது கியரில் போட்டு அவள் பின்னாலேயே ஊர்ந்தேன்.

அதுதான் வினையாகிவிட்டது.

ஹாரன் அடிக்காத வண்டியை அவள் இந்த ரோட்டில் கண்டதில்லை. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிறது, இஞ்சின் உறுமுகிறது, ஆனால் வண்டி தாண்டவும் இல்லை, வழி கேட்கவும் இல்லை. விடியாத நேரம், ஆள் இல்லாத ரோடு, தனியாக ஒரு பொம்பளை. அவள் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். பெடலை வேகமாக மிதிக்க ஆரம்பித்தாள். சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடியது. நான் வேகத்தைக் குறைத்தால் அவளும் குறைப்பாள் என்று குறைத்தேன். அவள் குறைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. திரும்பாதே என்று சொல்லிக் கொடுத்த மகராசன் நான்தானே. என்னைக் கண்டு என் பெண்டாட்டி உயிருக்குப் பயந்து ஓடுகிறாள், நான் அவளைத் துரத்திக்கொண்டு போகிறேன்.

"இன்னா டிரைவரே, கட்ட வண்டியா ஓட்டற? பஞ்ச் கார்டு லேட்டாவும்!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவன் கத்தினான்.

அப்போது எனக்குப் பின்னால் இன்னொரு வெளிச்சம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஜல்லி ஏற்றிய டிப்பர். நான் வலது கையை வெளியே நீட்டி, மெதுவா, மெதுவா என்று ஆட்டினேன். எவன் பார்க்கிறான்? ஏர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினான். என் காதே அடைத்துக்கொண்டது.

முன்னால் அவள் சக்கரம் இடது பக்கம் வெட்டியது. தார் விளிம்புவரை போனது. ஒரு நொடி விளிம்பிலேயே ஓடி, சத்தம் தூரத்தில்தான் என்று தோன்றியதோ என்னவோ, மறுபடியும் தாருக்குள் வந்தாள். அடுத்த ஹாரனுக்கு அவள் இறங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் தயார் செய்த ஆள் அவள்.

ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து, முன்சக்கரம் தாரைத் தாண்டுவதற்குள் பிரேக் போட்டு, பஸ்ஸை ரோட்டுக்குக் குறுக்கே கோணலாக நிறுத்தினேன். உள்ளே அத்தனை பேரும் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டார்கள். டிப்பர் கிறீச்சென்று நின்றது. அந்த டிரைவர் தலையை நீட்டி, "சாவு கிராக்கி! வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றான். நான் குதித்து இறங்கி, "இன்னொரு தபா ஹாரன்ல கை வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். லூர்தம்மாள் அக்கா அதற்குள் இறங்கி வந்து, மடக்குக் குடையை ஓங்கிக்கொண்டு டிப்பருக்கு முன்னால் நின்றது. "நீ ஓடு தம்பி, இவன நான் பாத்துக்கறேன்!"

ஓடினேன். பஸ் குறுக்கே நின்றதில் அதன் விளக்கு ஏரியைப் பார்த்து எரிந்தது. ரோடு இருட்டாகிவிட்டது. அவள் தெரியவில்லை. அவள் சைக்கிளின் மட்கார்டு மட்டும் கடகடவென்று முன்னால் கேட்டது. அதன் ஆணியை முடுக்கிக் கொடு என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடுக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று என்று அந்த நேரத்தில் நினைத்தேன். செருப்பு எங்கேயோ கழன்று போனது. இத்தனை வருஷம் ஓட்டிய ரோடு, அன்றைக்குத்தான் அதில் காலால் ஓடுகிறேன். தார் இவ்வளவு குறுகலா என்று இருந்தது. இடது காலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்.

வேகமாக மிதித்து மிதித்து அவளுக்கும் களைத்துவிட்டது. நெருங்கிவிட்டேன். என் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"யார்ரா அது? கிட்ட வந்த, வெட்டிப்புடுவேன்!"

என் பேரைச் சொல்ல வேண்டும். மூச்சு இருந்தால்தானே சொல்வதற்கு? "நா... நா..." என்றுதான் வந்தது. அவள் இன்னும் வெறி பிடித்தவளாய் மிதித்தாள்.

அப்போது எதிரே, ஒரகடம் பக்கமிருந்து இரண்டு விளக்கு திரும்பியது. பால் லாரி. ஒற்றை சைக்கிளைப் பார்த்ததும் அந்த டிரைவர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். நீளமாக ஹாரன் அடித்தான்.

கலைமதி ஹாண்டிலை இடது பக்கம் ஒடித்தாள்.

நான் பாய்ந்து சைக்கிளின் கேரியரைப் பிடித்தேனா, அவள் புடவையைப் பிடித்தேனா, தெரியாது. கையில் அகப்பட்டதை இழுத்தேன். இருவரும் தாரில் மல்லாக்க விழுந்தோம். அவள் என்மேல் கிடந்தாள். லாரியின் வெளிச்சம் முகத்துக்கு நேரே வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினேன், அவளை மறுகையால் அமுக்கிக்கொண்டு. சக்கரம் தேய்கிற சத்தம், ரப்பர் வாடை, முகத்தில் சேறு. முடிந்தது என்றுதான் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது பால் லாரி எங்களைத் தாண்டி, பாதி உடம்பை ஏரிக்கரை மண்ணில் இறக்கிச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. பால் கேன்கள் இன்னும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. தாரை மனுஷனுக்கு விட்டுவிட்டு ஒரு லாரி மண்ணில் இறங்கியதை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன்.

கோணி விலகி அவள் என் முகத்தைப் பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் இரண்டு கையாலும் என் மார்பில் அடிக்க ஆரம்பித்தாள்.

"நீயாய்யா? நீயா பின்னாலயே வந்த? நான் எவனோன்னு செத்துட்டேன்யா! ஏன்யா ஹாரன் அடிக்கல? ஒரு ஹாரன் அடிச்சிருந்தா நான் பாட்டுக்கு எறங்கி வழி வுட்டிருப்பேனே!"

நான் அழுதுகொண்டிருந்தேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடித்து ஓய்ந்து சுற்றும் பார்த்தாள். "சைக்கிள் எங்கய்யா?"

நான் இடது பக்கம் காட்டினேன். அங்கே சைக்கிள் இல்லை. கேரியரில் கட்டியிருந்த அவளுடைய சாப்பாட்டுப் பை மட்டும் கழன்று தண்ணீர்மேல் மிதந்தது. மற்றபடி மழைத்துளி விழுந்து பொத்தல் பொத்தலாகச் செம்மண் தரை. அவள் நம்பவில்லை. தார் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை அந்தத் தரைமேல் வைத்தாள். நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பாதம் போனது, முழங்கால் போனது, தொடை போனது, அடி தட்டவில்லை. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தாரின் நடுவே போய் உட்கார்ந்து, பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள்.

லூர்தம்மாள் அக்கா குடையோடு வந்து சேர்ந்தது. "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு, எழுந்திரு கண்ணு," என்று அவள் தலையைத் துவட்டிவிட்டது. அட்டை இல்லாத ஆளை அன்றைக்கு என் பஸ்ஸில் ஏற்றினேன். லேட்டாகும் என்று கத்தினவன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு சைக்கிளை எடுத்தோம். வேலையை விட்டுவிடு என்று கெஞ்சிப் பார்த்தேன். "நீ பஸ்ஸ வுட்டியா?" என்று கேட்டாள். மட்கார்டு ஆணியை நானே முடுக்கினேன். மறுபடியும் வேலைக்குக் கிளம்பிய அன்று காலையில் வாசலில் நின்று எனக்கு அவள் பாடம் எடுத்தாள்.

"இனிமே ஹாரன் கேட்டா மொதல்ல திரும்பி மண்ணப் பாப்பேன். அப்பால வண்டியப் பாப்பேன். நல்லாருந்தாத்தான் எறங்குவேன். அதுவரிக்கும் நீ நிக்கணும்."

"திரும்பினா ஹாண்டிலு..."

"திரும்பும். அதுக்குத்தான் நிக்கச் சொல்றேன்."

நான் நிற்கிறேன். சீக்கிர ஷிஃப்ட் இருக்கிற நாளெல்லாம் அவள் எனக்கு முன்னால்தான் போகிறாள். அவள் தாரில் தாராளமாகப் போகிறாள். நான் தூரத்திலேயே ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் பிரேக்கில் காலை வைத்துக்கொள்கிறேன். அவள் திரும்பி, மண்ணைப் பார்த்து, என்னைப் பார்த்து, நிதானமாக இறங்குகிறாள். என் பின்னால் வருகிறவன் கெட்ட வார்த்தையில் வைகிறான், வையட்டும். எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் ஒரகடம் கூட்டுரோடுவரைதான் அவள் என் வழி. அங்கே அவள் கம்பெனிப் பக்கம் திரும்புகிறாள், நான் மறைமலை நகருக்கு நேரே போக வேண்டும். நேற்று அவள் திரும்பியதும், என்னைத் தாண்டி ஒரு டிப்பர் அதே பக்கம் திரும்பியது. கடந்து போகும்போது பார்த்தேன். டிரைவர் சின்னப் பையன், அவசரத்தில் இருந்தான், ஒரு கை ஹாரன்மேலேயே இருந்தது. நான் ஜன்னலில் கையை நீட்டி, மெதுவா, மெதுவா என்று ஆட்டினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.